நம்ம கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் அம்மா



இந்த மலருக்காக ஒவ்வொரு குழுவும் ஒரு பெண்ணைப் பத்தி எழுதித் தரணும்னு கூட்டத்துல தீர்மானம் போட்டாங்க. எங்க குழுவுல யார் எழுதறதுன்னு பேச்சு வந்தப்ப எல்லாரும் என்னையத்தான் பார்த்தாங்க. தீர்மான நோட்டு எழுதறவ நான்தானே. பத்தாவதோட படிப்பை நிறுத்துனவ நான். பரீட்சைக்கு அப்புறம் கட்டுரைன்னு எழுதறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

யாரைப் பத்தி எழுதறதுன்னு நான் ரொம்ப யோசிக்கல. எங்க ஊர்ல இருந்து கொடுமுடிக்கு பஸ்ல அரை மணி நேரம்தான். ஆடி பதினெட்டுக்குக் காவேரிக்குப் போறப்பெல்லாம் எங்க அமுச்சி கே.பி. சுந்தராம்பாள் அம்மாவைப் பத்திப் பேசாம வீடு திரும்பாது. டெண்ட் கொட்டகையில ஔவையார் படத்தை மூணு தடவை பார்த்ததாம். நான் டிவியில திருவிளையாடல் பார்த்து வளர்ந்தவ. நெத்தி நிறைய விபூதி, வெள்ளைச் சேலை, கையில கோல், கணீர்னு ஒரு குரல். இந்த அம்மா பொறக்கும்போதே பாட்டியாத்தான் பொறந்திருப்பாங்கன்னு சின்ன வயசுல நெனைச்சுக்குவேன்.

அவங்க வாழ்க்கையை முழுசா நான் படிச்சது போன வருஷம்தான். அதுக்கு ஒரு காரணம் இருக்கு. கூட்டமைப்புல வீதி நாடகக் குழு அமைச்சாங்க இல்லீங்களா, அதுக்கு நானும் பேர் கொடுத்திருந்தேன். வீட்ல பெரிய பிரச்சனை ஆயிருச்சு. குடும்பத்துப் பொம்பளை தெருவுல நின்னு கூத்தாடினா நாளைக்குப் பொண்ணைக் கட்ட எவன் வருவான்னு மாமியார் கேட்டாங்க. அவ்வளவு ஆசை இருந்தா பொண்ணைக் கட்டிக் கொடுத்து, தலை நரைச்சதுக்கு அப்புறம் போய் ஆடிக்கன்னாங்க. வீட்டுக்காரர் ஒண்ணும் பேசல. அவர் பேசாம இருந்தா அம்மா பக்கம்னு அர்த்தம். பேரை அடிச்சிரச் சொல்லலாம்னு முடிவு பண்ணிட்டேன். அந்த வாரம்தான் எங்க ஊர் நூலகத்துல சுந்தராம்பாள் அம்மாவைப் பத்தின புத்தகம் கையில கிடைச்சது. படிக்கப் படிக்க, நான் டிவியில பார்த்த பாட்டிக்குள்ள வேற ஒரு பொண்ணு இருந்தது தெரிஞ்சுது. அவங்களைப் பத்தித்தான் சொல்லப் போறேன்.

ரயிலில் பாடிய சிறுமி

சுந்தராம்பாள் அம்மா 1908-ல் கொடுமுடியில் பிறந்தார். அம்மா பேர் பாலாம்பாள். கே.பி. எஸ். என்கிற பேர்ல கே-ன்னா கொடுமுடி, பி-ன்னா பாலாம்பாள். அதாவது அந்தக் காலத்திலேயே அம்மா பேரைத்தான் முன்னெழுத்தாப் போட்டிருக்காங்க. இப்ப நாம பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு அம்மா முன்னெழுத்தும் போடலாம்னு பெருமையாப் பேசிக்கறோம். அவங்க ஆயுசு முழுக்க அதோடதான் வாழ்ந்தாங்க.

அப்பா துணை இல்லாத வீடு. ஒரு தம்பி, ஒரு தங்கச்சி. அடுத்த வேளைக்குச் சோறு உறுதியில்லாத குடும்பம். அந்தக் குழந்தைக்கு இருந்த ஒரே சொத்து தொண்டைதான். கொடுமுடி, ஈரோடு - திருச்சி ரயில் பாதையில இருக்கற ஊர். ரயில்ல ஏறிப் பாட்டுப் பாடிக் காசு வாங்கி வந்து வீட்டுக்குக் கொடுத்திருக்காங்க. அப்படிப் பாடும்போதுதான் எஃப்.ஜி. நடேசய்யர் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறார். அவர் ரயில்வேயில அதிகாரி, நாடகத்துல பைத்தியம். அவர் மூலமா வேலு நாயர் நாடகக் கம்பெனியில சேர்ந்தாங்க. அப்ப வயசு பத்து கூட ஆகல.

முதல்ல கொடுத்த வேஷம் நல்லதங்காள் நாடகத்துல மூத்த பிள்ளை. நல்லதங்காள் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். பஞ்சத்துக்குப் பொறந்த வீடு தேடி ஏழு பிள்ளைகளோட போறா. அண்ணி சோறு போடல. பிள்ளைகளைக் கிணத்துல போட்டுட்டுத் தானும் விழுந்து சாகறா. அந்தப் பசிச்ச பிள்ளையா மேடையில நின்னு பாடினப்ப சனம் அழுததாம். பசின்னா என்னன்னு அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கல.

அந்தக் காலத்து மேடையைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். அப்ப பெரும்பாலும் பொம்பளை வேஷத்தையும் ஆம்பளைங்கதான் கட்டுவாங்க. அதுக்கு ஸ்திரீபார்ட்னு பேரு. சின்னப் பசங்களை வெச்சே நடத்தின பாய்ஸ் கம்பெனிகளும் இருந்துச்சு. பொம்பளை எப்படி அழுவா, எப்படிச் சிணுங்குவா, எப்படிப் புருஷன் கால்ல விழுவான்னு ஆம்பளை எழுதி, ஆம்பளையே நடிச்சு, ஊருக்குக் காட்டியிருக்காங்க. நல்லதங்காள் கிணத்துல விழுவா, சீதை தீயில இறங்குவா, சந்திரமதி அடிமையா விலை போவா. அழுதாத்தான் நல்லவ.

நிஜப் பொம்பளை மேடை ஏறினா கூட்டம் அலைமோதும். ஆனா அவளைக் குடும்பப் பொம்பளைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. சுந்தராம்பாள் அம்மாவுக்கு முந்தின தலைமுறையில கும்பகோணத்துல பாலாமணி அம்மாள்னு ஒருத்தங்க, முழுக்கப் பொம்பளைங்களையே வெச்சு நாடகக் கம்பெனி நடத்தினாங்க. அவங்க நாடகத்துக்காகவே தனி ரயில் விட்டாங்கன்னு சொல்லுவாங்க. அப்படி வாழ்ந்தவங்க கடைசியில வறுமையில செத்தாங்க. டிக்கெட் வாங்கினவங்க கைதட்டினதோட சரி, மரியாதையைக் கூடச் சேர்த்துக் கொடுக்கல.

தினைப்புனத்தில் தர்க்கம்

நம்ம பக்கத்துக் கோயில் திருவிழாவுல வள்ளி திருமணம் நாடகம் பார்த்திருப்பீங்க. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சா விடிய விடிய நடக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதின நாடகம். ஸ்பெஷல் நாடகம்னு சொல்லுவாங்க. ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியா பேசிக் கூட்டிட்டு வருவாங்க. ஒத்திகை கிடையாது. பாட்டு தெரியும், கதை தெரியும், மீதியெல்லாம் மேடையிலேயே பேசிக்கணும்.

அதுல வள்ளி தினைப்புனம் காக்கற இடத்துல நாரதர் வருவார். ரெண்டு பேருக்கும் தர்க்கம் நடக்கும். அவர் ஒரு கேள்வி கேட்பார், வள்ளி அந்த இடத்துலயே பதில் சொல்லணும். திணறினா கூட்டம் சிரிச்சிரும். அப்புறம் வேடன் வேஷத்துல முருகன் வருவார், அவரோடயும் தர்க்கம். எனக்கு இதைப் படிச்சப்ப ஒரு எண்ணம் வந்துச்சு. அந்தக் காலத்துல நாலு பேருக்கு நடுவுல ஆம்பளைக்குச் சமமா நின்னு எதிர்வாதம் பண்ற உரிமை எந்தப் பொம்பளைக்கு இருந்துச்சு? வீட்ல இருந்தவளுக்கு இல்ல. கூத்தாடின்னு சொல்லி ஒதுக்குனாங்களே, அவளுக்குத்தான் இருந்துச்சு.

சுதந்திரப் போராட்டம் சூடு பிடிச்சப்ப இந்தப் புராண நாடகத்துக்கு உள்ளேயே அரசியல் வந்துருச்சு. தினையைக் கொத்த வர்ற வெள்ளைக் கொக்கை விரட்டறதுன்னு பாடினா, யாரை விரட்டச் சொல்றாங்கன்னு கேக்கறவனுக்குப் புரியும். கதரைப் பத்தி, காந்தியைப் பத்திப் பாட்டு வரும். மதுரகவி பாஸ்கரதாஸ் மாதிரி ஆளுங்க எழுதிக் கொடுத்தாங்க. நாடகத்தைத் தடை பண்றதுக்குன்னே வெள்ளைக்காரன் 1876-லயே சட்டம் போட்டு வெச்சிருந்தான். கொட்டகையில போலீஸ் உட்கார்ந்திருக்கும். விஸ்வநாத தாஸ்னு ஒரு பெரிய நடிகர் பாடிப் பாடியே பல தடவை ஜெயிலுக்குப் போனார். 1940 கடைசியில மேடையில முருகன் வேஷத்திலேயே உயிர் விட்டார்.

பேப்பர் படிக்கத் தெரியாத சனத்துக்குச் சுதந்திரம்னா என்னன்னு கொண்டு போய்ச் சேர்த்தது இந்த மேடைங்கதான். அந்த மேடையில சுந்தராம்பாள் அம்மாவும் பாடினாங்க. இசைத்தட்டுலயும் தேசியப் பாட்டு கொடுத்தாங்க. அப்ப மைக் கிடையாது. கடைசி வரிசையில நிக்கறவனுக்கும் கேக்கணும். அவங்க குரல் அப்படிக் கேட்டுச்சாம்.

கிட்டப்பாவும் பிரிவும்

சின்ன வயசிலேயே இலங்கைக்குப் போய் நடிச்சுப் பேர் வாங்கினாங்க. கொழும்புலதான் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவோட சேர்ந்து நடிச்சாங்க. அவரும் பெரிய பாட்டுக்காரர். அவர் வேலன், இவங்க வள்ளி. ரெண்டு குரலும் போட்டி போட்டதைக் கேட்கக் கூட்டம் தாங்கல. 1927-ல் மாயவரத்தில் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அவருக்கு ஏற்கனவே ஒரு மனைவி இருந்தாங்க.

அதுக்கு அப்புறம் நடந்தது நம்ம ஊர்ப் பொண்ணுங்க பல பேர் வாழ்க்கையில நடக்கறதுதான். அவர் பிரிஞ்சு போயிட்டார். குழந்தை பொறந்து சில நாள்ல இறந்துருச்சு. இவங்க அவருக்கு எழுதின கடிதங்களைப் பின்னாடி புத்தகத்துல போட்டிருக்காங்க. அன்பும் இருக்கு, கோபமும் இருக்கு, கேள்வியும் இருக்கு. மேடையில முருகனையே மடக்கிக் கேள்வி கேட்ட வாய், வீட்டு விஷயத்துல ஒரு கடிதாசுக்குப் பதில் வருமான்னு காத்துக் கிடந்திருக்கு. படிச்சுட்டு எனக்குத் தூக்கம் வரல.

1933 டிசம்பர்ல கிட்டப்பா இறந்துட்டார். அவருக்கு 27 வயசு. சுந்தராம்பாள் அம்மாவுக்கு 25. எங்க குழுவுல கடைசியா சேர்ந்த பொண்ணுக்கு வயசு 25. அதை நெனைச்சுப் பாருங்க.

வெள்ளைச் சேலை

அன்னைக்கு உடுத்தின வெள்ளைச் சேலையைக் கடைசி வரைக்கும் மாத்தல. கதர் வெள்ளை. இனிமே எந்த ஆம்பளையோடயும் ஜோடி சேர்ந்து நடிக்க மாட்டேன்னு முடிவு பண்ணாங்க. மேடையே வேணாம்னு கொடுமுடி வீட்டுக்குள்ள இருந்துட்டாங்க. காந்தியும் காங்கிரஸ்காரங்களும் நாட்டுக்காகப் பாட வரச் சொன்னதுதான் அவங்களைத் திரும்ப வெளியே கொண்டு வந்துச்சுன்னு சொல்றாங்க.

திரும்ப வந்தப்ப அவங்க எடுத்த வேஷம் நந்தனார். வயக்காட்டுல கூலி வேலை பார்க்கிற, தீண்டத்தகாதவன்னு ஒதுக்கி வெச்ச ஒரு மனுஷன் சிதம்பரம் போய் நடராஜரைப் பார்க்க ஆசைப்படறார். பண்ணையார் விடல. நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன்னே நாள் போகுது. காந்தி 1934-ல் தீண்டாமைக்கு எதிரா தமிழ்நாட்டுல ஊர் ஊரா வந்த சமயம் அது. கோயில் கதவைத் திறக்கணும்னு நாடே பேசிக்கிட்டு இருந்தப்ப, ஒரு பொம்பளை நந்தனாரா வேஷம் கட்டி வந்தாங்க. 1935-ல் அது சினிமாவா வந்துச்சு. அதுக்கு அவங்க வாங்கின சம்பளம் 1 லட்சம் ரூபாய். அந்தக் காலத்துல அப்படி ஒரு தொகையை யாரும் கேள்விப்பட்டது கூட இல்ல. ரயில்ல காலணாவுக்குப் பாடின குழந்தைதான் அது.

இன்னொண்ணும் தோணுச்சு. நந்தனார் கதையிலயும் அவரைத் தீயில இறங்க வெச்சுத்தான் கோயிலுக்குள்ள விடறாங்க. சீதையையும் தீயிலதான் இறக்கினாங்க. ஒதுக்கி வெச்சவங்கதான் நான் சுத்தம்னு நிரூபிக்கணும். ஒதுக்கினவங்களுக்குத் தீயும் கிடையாது, சோதனையும் கிடையாது.

மேடையில் இருந்து மேலவைக்கு

காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி நாடகக்காரங்களை மதிச்ச மனுஷர். கூத்தாடின்னு மத்தவங்க முகம் சுளிச்சப்ப, இவங்களை அரசியல் மேடைக்குக் கூப்பிட்டார். 1937 தேர்தல் சமயத்துல சுந்தராம்பாள் அம்மா ஊர் ஊராப் போய்ப் பாடினாங்க. தலைவர் பேச வர்றதுக்கு முன்னாடி இவங்க பாட்டு. பாட்டுக்குத்தான் முதல்ல கூட்டம் வரும்.

காந்தி கொடுமுடிக்கு இவங்க வீட்டுக்கு வந்த கதையை எங்க பக்கத்துல இன்னைக்கும் சொல்லுவாங்க. தங்கத் தட்டுல சாப்பாடு போட்டாங்களாம். சாப்பாடு மட்டும்தானா, தட்டு எனக்கு இல்லையான்னு அவர் சிரிச்சுக்கிட்டே கேட்க, தட்டையும் கொடுத்துட்டாங்களாம். அமுச்சி இதைச் சொல்லும்போது தானே எடுத்துக் கொடுத்த மாதிரி முகம் மலரும்.

1951-ல் சென்னை மாநில சட்ட மேலவைக்கு உறுப்பினர் ஆனாங்க. அப்ப சட்டசபைக்கு மேல இன்னொரு சபை இருந்துச்சு, அதுதான் மேலவை. 1986-ல் அதை எடுத்துட்டாங்க. இந்தியாவுலயே நடிப்புத் துறையில இருந்து சட்டமன்றத்துக்குள்ள முதல்ல போனது இவங்கதான். தமிழ்நாட்டுல நடிச்சவங்க எத்தனையோ பேர் பின்னாடி அரசியலுக்கு வந்தாங்க, முதலமைச்சரே ஆனாங்க. அந்த வாசல்ல முதல் காலடி வெச்சது நம்ம கொடுமுடிப் பொம்பளை. இதை எத்தனை பேர் ஞாபகம் வெச்சிருக்கோம்?

அதே மாதிரி மதுரையில கே.பி. ஜானகி அம்மாள் இருந்தாங்க. அவங்களும் நாடக மேடையில பாடி நடிச்சவங்கதான். சம்பாதிச்ச சொத்தையெல்லாம் கட்சிக்கும் போராட்டத்துக்கும் செலவழிச்சாங்க. பல தடவை ஜெயிலுக்குப் போனாங்க. 1967-ல் சட்டமன்ற உறுப்பினர் ஆனாங்க. ரெண்டு பேரும் வேற வேற பாதை, ஆனா கிளம்பின இடம் ஒண்ணு. கூத்தாடின்னு சொன்ன அந்த மேடை.

ஔவையும் காரைக்கால் அம்மையாரும்

1953-ல் ஜெமினி வாசன் எடுத்த ஔவையார் படம் வந்துச்சு. அப்புறம் 1964-ல் பூம்புகார் படத்துல கவுந்தி அடிகள், 1965-ல் திருவிளையாடல்ல திரும்பவும் ஔவை, 1973-ல் காரைக்கால் அம்மையார். துணைவன் படத்துல பாடினதுக்குத் தேசிய விருது கிடைச்சது. 1970-ல் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. கொடுமுடியில சொந்தமா தியேட்டர் கட்டினாங்க. 1980-ல் காலமானாங்க.

இந்த வேஷங்களை வரிசையா எழுதிப் பார்த்தப்பதான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. ஔவை கதை என்ன? கல்யாணம் பேசறாங்க, அவளுக்கு இஷ்டமில்ல. பிள்ளையார்கிட்ட அழுது கிழவியா மாறிடறா. அதுக்கு அப்புறம்தான் ராஜா சபைக்குப் போறா, சண்டையை நிறுத்தறா, ஊர் ஊரா நடக்கறா. காரைக்கால் அம்மையார் கதை என்ன? புருஷன் விட்டுட்டுப் போறான். எனக்கு இந்த அழகு உடம்பு வேணாம், பேய் உருவம் கொடுன்னு சிவன்கிட்ட கேட்கறா. அதுக்கு அப்புறம்தான் கயிலாயத்துக்கு நடக்கறா. கவுந்தி அடிகள் துறவி.

பொம்பளை தன் இளமையைக் கழட்டி வெச்சாத்தான் தெருவுல தனியா நடக்கலாம், நாலு பேருக்கு நடுவுல பேசலாம்னு இந்தக் கதைங்க சொல்லுது. சுந்தராம்பாள் அம்மா வாழ்க்கையும் அப்படித்தான் இருந்துச்சோன்னு எனக்கு வருத்தம். வள்ளியா நின்னு பாடினப்ப கூத்தாடி. வெள்ளைச் சேலையும் விபூதியும் வந்த பிறகு அம்மா. குரல் அதே குரல்தான். மாறினது சேலைதான். கிட்டப்பா ரெண்டு கல்யாணம் பண்ணாரு, விட்டுட்டுப் போனாரு. அவர் என்ன நிறத்துல வேட்டி கட்டணும்னு யாரும் கேட்கல.

தப்பா எடுத்துக்காதீங்க. வெள்ளைச் சேலையை அவங்களே மனசார விரும்பி உடுத்தினாங்க. அதைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்ல. அந்தச் சேலையையே ஒரு கவசமா ஆக்கிக்கிட்டு, 25 வயசுல ஒடிஞ்சு போயிருக்க வேண்டிய வாழ்க்கையை மேலவை வரைக்கும் கொண்டு போனாங்க. அவங்க காலத்துல அவங்களுக்கு இருந்த வழி அது. நமக்கும் அதே வழிதான் இருக்கணுமாங்கறதுதான் என் கேள்வி. தலை நரைச்சதுக்கு அப்புறம் ஆடிக்கன்னு மாமியார் சொன்னாங்களே, அந்தப் பேச்சும் இந்தக் கதைங்க சொல்றதும் ஒண்ணுதானே?

எங்க வீதி நாடகம்

பேரை நான் அடிக்கச் சொல்லல. ஒத்திகைக்குப் போனேன். வெளியில இருந்து எழுதி வந்த நாடகம் அது. குடிகாரப் புருஷன், அடி வாங்கி அழற பொண்டாட்டி, கொடுமைக்கார மாமியார். கடைசியில ஒரு அதிகாரி வந்து எல்லாருக்கும் புத்தி சொல்லுவார். முடிஞ்சுது. நடிக்கறது ஆறு பொம்பளைங்க. ஆனா தீர்வு சொல்றது ஒரு ஆம்பளை வேஷம். எனக்குக் கொடுத்தது அழற பொண்டாட்டி வேஷம். நாலு பக்கத்துல எனக்கு ரெண்டு வரிதான் பேச்சு, மீதியெல்லாம் அழுகை.

நான் படிச்ச வள்ளி தர்க்கத்தை மத்தவங்ககிட்டச் சொன்னேன். எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். அதிகாரி வேஷத்தை எடுத்துட்டோம். பொண்டாட்டி கிராம சபையில எந்திரிச்சு, குடிதண்ணிக் குழாயைப் பத்தியும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல சாராயம் விக்கறதைப் பத்தியும் மனு படிக்கற மாதிரி மாத்தினோம். புருஷன் குறுக்கே பேசுவான், அவனுக்கு அந்த இடத்துலயே பதில் சொல்லணும். மாமியாரையும் கொடுமைக்காரியா வைக்கல. முதல்ல தடுக்கற கிழவி, கடைசியில மனுவுல கைநாட்டு வைக்கறா.

நாடகத்துல மட்டும் இல்லீங்க, நிஜத்துலயும் இது நடக்குது. உள்ளாட்சியில நமக்கு 50 சதவீத இடம்னு சட்டம் இருக்கு. ஆனா சில ஊர்கள்ல தலைவர் பொம்பளை, நாற்காலியில உட்கார்ந்து பேசறது அவங்க வீட்டுக்காரர். அந்தக் காலத்துல ஆம்பளை சேலை கட்டிக்கிட்டுப் பொம்பளைக்காகப் பேசினான். இப்பச் சேலை கட்டாமலே பேசறான்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்னாடி ரேஷன் கடைப் பக்கத்துல நாடகம் போட்டோம். குழுவுல மூத்தவங்க கண்மையில மீசை வரைஞ்சு புருஷன் வேஷம் கட்டினாங்க. சனம் சிரிச்ச சிரிப்பு அடங்க நேரமாச்சு. நான் என் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குச் சேலையைக் கட்டியிருந்தேன். வெளுத்த சேலை கட்டு, பார்க்கப் பாவமா இருக்கும்னு ஒருத்தர் சொன்னார். பாவமா இருக்க வேணாம்னு சொல்லிட்டேன். கால் நடுங்குச்சு. முதல் ரெண்டு வரி தொண்டையில சிக்கிக்கிச்சு. அப்புறம் குழாயில தண்ணி வராத கோபம் நிஜமாவே வந்துருச்சு, பேசிட்டேன். அந்த மனுவையே பின்னாடி கிராம சபையிலயும் படிச்சுத் தீர்மானத்துல ஏத்த வெச்சோம். குழாய் வேலை இன்னும் பாதிதான் ஆகியிருக்கு. அடுத்த கிராம சபையில திரும்பக் கேட்போம்.

மாமியார் வர மாட்டேன்னுதான் சொல்லியிருந்தாங்க. பாதியில பார்த்தா ரேஷன் கடைத் திண்ணையில உட்கார்ந்திருக்காங்க. வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் பேசல. ராத்திரி சோறு போடும்போது, நீ பேசினது பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேட்கலன்னு மட்டும் சொன்னாங்க. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, கண்ணுல தண்ணியும் வந்துச்சு. மைக் இல்லாத காலத்துல கடைசி வரிசை வரைக்கும் பாடின அம்மாவை நெனைச்சுக்கிட்டேன்.

சகோதரிகளே, கொடுமுடிக்கு வந்தா மகுடேசுவரரைக் கும்பிடுங்க, காவேரியில குளிங்க. ரயில்வே ஸ்டேஷன் பக்கமும் ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. அங்க ஒரு குழந்தை பசிக்காகப் பாடிக்கிட்டு ரயில் ஏறுச்சு. அது மேலவையில போய் இறங்குச்சு. அவங்களை விபூதி பூசின பாட்டியா மட்டும் நம்ம பிள்ளைங்களுக்குச் சொல்லாதீங்க. தினைப்புனத்துல நின்னு எதிர்த்துப் பேசின இளவயசு வள்ளியாவும் சேர்த்துச் சொல்லுங்க. அடுத்த நாடகத்துக்கு ஆள் வேணும். தலை நரைக்கற வரைக்கும் காத்திருக்காம பேர் கொடுங்க.



இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி